பனியன் கம்பெனியே பாடசாலை: மாணவர்களுக்கு வணிகப் பகுப்பாய்வும் அலுவலகத் திறன்களும் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"தம்பி, சாயம் போட டையிங்குக்குப் போயிட்டு வர்ற துணி கணக்குல நிக்கறதே இல்லீங்க. ஒரு சாப்ட்வேர் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்." திருப்பூர் அருகே ஒரு சிறு பனியன் கம்பெனியின் உரிமையாளர், எங்கள் மாணவர்கள் நால்வரிடம் முதல் நாளே சொன்னது இது. அன்று மாலையே அவர்கள் கணினித் திரை எப்படி இருக்க வேண்டும் என்று படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து அவர்கள் பரிந்துரைத்ததோ, கட்டிங் ஹாலில் இருந்த எடைத் தராசை வாசலுக்கு நகர்த்துவதும், வரவு நோட்டில் எடை எழுத ஒரு பத்தியை (நெடுவரிசையை) கூடுதலாகச் சேர்ப்பதும்தான். அந்த ஆறு வாரத்தில் அவர்கள் கற்றது எதுவோ அதைத்தான் வணிகப் பகுப்பாய்வு என்கிறோம். அதை வகுப்பறையில் எப்படித் திட்டமிட்டு நடத்துவது என்று, வணிகவியல், மேலாண்மை, கணினிப் பயன்பாட்டியல், பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்பது என் கணக்கு. அதற்குக் குறைவாகக் கிடைத்தால் வகுப்பறை நேரத்தைக் குறைக்கலாம், களத்தில் இருக்கும் நேரத்தைக் குறைக்கக் கூடாது.

தொடங்கும் முன்

ஒரு நிறுவனத்தில் வேலை இப்போது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் இடறுகிறது, என்ன மாற்றினால் யாருக்குப் பயன், அதற்கு என்ன செலவு என்று கண்டறிந்து, அந்த மாற்றத்தைச் செய்யப் போகிறவர்களுக்குப் புரியும்படி எழுதிக் கொடுப்பவரே பிசினஸ் அனலிஸ்ட். இத்துறைக்கென ஐ.ஐ.பி.ஏ. என்ற பன்னாட்டு அமைப்பு 2003-இல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கப்பட்டது. அது வெளியிடும் ‘பாபாக்’ என்ற கையேட்டின் மூன்றாம் பதிப்பு 2015-இல் வந்தது. அந்தக் கையேட்டை ஆசிரியர் படித்திருக்க வேண்டும். ஆனால் மாணவர் கையில் முதல் மாதம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொடுத்தால் வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டு, பாடம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

முதல் படி: இடம் பிடித்தல்

இந்த வேலையைக் கற்பிக்கக் கொங்கு நாட்டைவிட வசதியான இடம் அமைவது அரிது, ஏனென்றால் இங்கே ஒரு பொருள் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. பனியன் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி பதப்படுத்துதல்), பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று பல கைகள் மாறிப் போகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு கையும் தனி ஜாப் ஒர்க் நிறுவனம், அதாவது பிறர் பொருளை வாங்கிக் கட்டணத்துக்கு வேலை செய்து திருப்பித் தரும் இடம். கை மாறும் இடத்தில்தான் தகவல் தொலையும். தகவல் தொலையும் இடத்தில்தான் பகுப்பாய்வாளருக்கு வேலை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்கள், கோயம்புத்தூரின் பம்பு செட், வெட் கிரைண்டர் உதிரி பாகப் பட்டறைகள், பெருந்துறை மஞ்சள் ஏல மையம், ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குச் சரக்கு அனுப்பும் கடைகள், நாமக்கல்லின் கோழிப் பண்ணைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்போரின் அலுவலகங்கள் ஆகிய எல்லாமே ஏற்றவை.

பெரிய நிறுவனங்களைத் தேட வேண்டாம். அங்கே மாணவர்களை மனிதவளத் துறை ஓர் அறையில் உட்கார வைத்துப் படம் காட்டி அனுப்பிவிடும். இருபது முதல் நூறு பேர் வேலை பார்க்கும், உரிமையாளரே காலையில் வந்து பூட்டைத் திறக்கும் இடமாகப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும், ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்மென்ட் வாரமும் கூடாது. உரிமையாளரைச் சந்திக்க ஆசிரியரே நேரில் போக வேண்டும். கல்லூரி முத்திரையிட்ட கடிதத்தைவிட, "உங்க கணக்கு எங்க வகுப்பைத் தாண்டி வெளிய போகாதுங்க" என்று முகம் பார்த்துச் சொல்வதற்கே இங்கு மதிப்பு அதிகம். ஆனாலும் அதை எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்துவிடுங்கள். தொழில் ரகசியம் காப்பது மாணவர் கற்க வேண்டிய முதல் அலுவலக ஒழுக்கம்.

இரண்டாம் படி: கேட்டதும் வேண்டியதும்

முதல் வகுப்பில், உரிமையாளர் சொன்ன வாக்கியத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, இதில் எது பிரச்சினை, எது அவராகவே முடிவு செய்துகொண்ட தீர்வு என்று பிரிக்கச் சொல்லுங்கள். "துணி கணக்கில் நிற்பதில்லை" என்பது பிரச்சினை. "சாப்ட்வேர் வேண்டும்" என்பது தீர்வு. இதைப் பிரிக்க மாணவர்கள் சிரமப்படுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் முதல் அணியில் பாதிப் பேருக்கு மேல் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் ஒன்றைக் கேட்டால் அதைச் செய்து கொடுப்பதே மரியாதை என்று வளர்ந்தவர்கள் அவர்கள். கேட்டதைச் செய்யாமல் இருப்பது அவமதிப்பு அல்ல, கேட்டதற்குப் பின்னால் இருக்கும் வலியை விசாரிப்பதே உண்மையான மரியாதை என்று புரியவைக்க ஒரு வகுப்பு முழுவதும் ஆகலாம். ஆகட்டும்.

மூன்றாம் படி: பேசாமல் பார்த்தல்

களத்தில் முதல் இரண்டு வருகைகளிலும் கேள்வி கேட்கக் கூடாது என்று விதி வையுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு காகிதத்தைப் பின்தொடர வேண்டும்: அது சரக்கோடு வரும் டெலிவரி சலானாக இருக்கலாம், விசைத்தறியில் பாவு நூல் வந்த சீட்டாக இருக்கலாம், மஞ்சள் மூட்டையின் ஏலச் சீட்டாக இருக்கலாம். அதை யார் எழுதினார், யாரிடம் போனது, எங்கே காத்திருந்தது, எதில் மறுபடி எழுதப்பட்டது, கடைசியில் எந்த ஆணியில் குத்தப்பட்டது என்று நேரத்தோடு குறிக்க வேண்டும். ஒரே எண் மூன்று இடங்களில் கையால் எழுதப்படுவதைத் தன் கண்ணால் பார்த்த மாணவருக்கு, தரவுப் பிழை எப்படி வருகிறது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: விசாரித்தல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். மாணவர்கள் போடும் பட்டியலில் உரிமையாளர், மேனேஜர், கணக்கர் என்று மூவர் இருப்பார்கள். கட்டிங் மாஸ்டர், செக்கிங் மேசையில் நிற்கும் அக்கா, வேன் டிரைவர், இரவுக் காவலர் ஆகியோரும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தையல் வரிசையில் இருக்கும் தொழிலாளரும் விடுபட்டிருப்பார்கள். கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களும் விடுபடுவார்கள். இதை விளக்க நான் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைத்தான் எடுத்துக்கொள்வேன். சாயக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நீர் பாழாகி, கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள்; 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பனியன் வாங்காத, விற்காத, தைக்காத ஒருவரால் ஒரு தொழிலின் சங்கிலியையே நிறுத்த முடிந்தது. அவரைப் பட்டியலில் சேர்க்காத பகுப்பாய்வு முழுமையானதா என்று கேட்டால், வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும்.

அடுத்து, எப்படிக் கேட்பது. மூலக் காரணம் தெரியும் வரை அடுத்தடுத்து "ஏன்" என்று கேட்கும், டொயோட்டா கார் நிறுவனத்தின் தாயிச்சி ஓனோ வழியாகப் பரவிய ‘ஐந்து ஏன்’ முறையைப் பாடப் புத்தகங்கள் எல்லாம் சொல்கின்றன. அதை அப்படியே கொண்டுபோய், ஐம்பது வயதுக் கட்டிங் மாஸ்டரிடம் இருபது வயதுப் பையன் ஐந்து முறை "ஏன்" என்று கேட்டால், மூன்றாவது ஏனுக்கு அவர் கத்தரியைக் கீழே வைத்துவிடுவார். விசாரணைக்கு வந்த அதிகாரி போலத் தோன்றும். அதே முறையை நம் பேச்சு வழக்கில் மாற்றிக் கேட்கப் பழக்க வேண்டும்: "இது எப்ப இருந்துங்க இப்படி?", "அப்படி ஆச்சுன்னா அப்புறம் என்னங்க பண்ணுவீங்க?", "போன வாரம் இப்படி ஆனப்ப என்ன நடந்துச்சுங்க?" காரணத்தைக் கேட்பதற்குப் பதில் நிகழ்ச்சியைக் கேட்டால், காரணம் தானே கூட வரும். வகுப்பில் மாணவர்களை இருவர் இருவராக உட்கார வைத்து ஒத்திகை பாருங்கள்; ஒருவர் சலித்துப்போன கட்டிங் மாஸ்டராக நடிக்கட்டும்.

பதிலைப் புரிந்துகொள்வதும் ஒரு திறன். "பார்க்கலாமுங்க" என்று உரிமையாளர் சொன்னதை ஒப்புதல் என்று குறித்துக்கொண்டு வந்த மாணவரை நான் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் அது பல நேரங்களில் மென்மையான மறுப்பு. "செய்யறதுல ஏதாச்சும் சிரமம் இருக்குங்களா?" என்று அடுத்த கேள்வியைக் கேட்காமல் அந்த வார்த்தையை எழுதிக்கொள்ளக் கூடாது.

சொற்களிலும் கவனம் வேண்டும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி உரிமையாளர் "கூலி" என்றால், நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் ஜவுளி உற்பத்தியாளர் அவருக்கு மீட்டர் கணக்கில் தரும் நெசவுக் கட்டணம் அது. தறி ஓட்டும் தொழிலாளியின் சம்பளம் வேறு. அதை ஆங்கில அறிக்கையில் ‘வேஜஸ்’ என்று எழுதிவிட்டால், படிக்கும் சென்னைக்காரரோ பெங்களூருக்காரரோ கணக்கையே தலைகீழாகப் புரிந்துகொள்வார். ஒவ்வொரு அணியும் தன் தொழிலின் ஐம்பது சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல் தயாரிக்க வேண்டும். அதை அந்தத் தொழில் செய்பவரே சரிபார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: வேலை ஓட்டத்தை வரைதல்

முதலில் சார்ட் தாளும் பென்சிலும் போதும். ஆள் ஆளுக்கு ஒரு வரிசை ஒதுக்கி, வேலை எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைக்குத் தாவுகிறது என்று காட்டும் படத்தை ‘ஸ்விம் லேன்’ என்பார்கள். நீச்சல் குளம் காணாத பிள்ளைகளுக்கு நான் அதைப் பாத்தி என்று சொல்லிக் கொடுக்கிறேன்: ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி, மடை எங்கே திறக்கிறது என்று பாருங்கள். கை பழகிய பிறகு, 2011-இல் வெளியான ‘பி.பி.எம்.என். 2.0’ குறியீட்டு முறையில் வட்டம், செவ்வகம், சாய்சதுரம், அம்பு ஆகிய நான்கை மட்டும் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலான வேலைகளை வரைந்துவிடலாம். வரைந்ததை, அந்த வேலையைச் செய்பவரிடமே காட்ட வேண்டும். "இப்படித்தானுங்களா?" என்று கேட்டால், "ஆமா, ஆனா ராத்திரி வண்டி வந்தா இப்படி இல்லீங்க" என்ற பதில் வரும். எங்கள் பனியன் கம்பெனிக் கதையும் அந்த வாக்கியத்தில்தான் திறந்தது.

ஆறாம் படி: எண்களோடு உட்காருதல்

எண்களை மாற்றிச் சொல்கிறேன், கணக்கின் வடிவம் அதே. ஆயிரம் கிலோ துணி சாயத்துக்குப் போகிறது. ஐந்து சதவீதம் எடை குறையலாம் என்று பேச்சு. எனவே 950 கிலோ திரும்ப வேண்டும். டையிங் சலானில் 948 கிலோ என்று இருக்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. கட்டிங் ஹாலில் எடை போட்டால் 931 கிலோ. இடைவெளி 17 கிலோ. ஒரு பனியனுக்கு 180 கிராம் துணி என்றால் 94 பீஸ் குறைகிறது. கிலோவில் பார்த்தபோது அலட்சியமாக இருந்த மேனேஜர், பீஸ் கணக்கில் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேட்பவர் எந்த அளவையில் கவலைப்படுகிறாரோ அந்த அளவையில் சொல்வது பகுப்பாய்வாளரின் கடமை.

இந்த இடத்தில் ஆசிரியர் விழிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் உடனே சாயப் பட்டறைக்காரரைத் திருடர் ஆக்கிவிடுவார்கள். எங்கள் அணி அப்படித்தான் தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்தது. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்து, வேறு என்னென்ன காரணங்களால் எடை மாறலாம் என்று குறைந்தது நான்கு எழுதச் சொன்னேன். பருத்தி காற்றின் ஈரத்தை வாங்கும். வழக்கமான வணிகக் கணக்கில் அதன் ஈர ஏற்பு 8.5 சதவீதம். முழுதாகக் காயாத துணியை எடை போட்டு அனுப்பினால், இங்கே காய்ந்த பிறகு எடை குறையும். இரண்டு தராசுகளும் ஒன்றுபோல் காட்டுகின்றனவா என்று யாரும் பார்த்ததில்லை. ரோல்களின் உள்ளே இருக்கும் குழல்களின் எடையை ஒருவர் கழிக்கிறார், மற்றவர் கழிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, துணி வேன் இரவு பத்து மணிக்கு மேல் வருகிறது. தராசு இருக்கும் கட்டிங் ஹால் அப்போது பூட்டியிருக்கும். காவலர் ரோல்களை மட்டும் எண்ணிச் சலானில் கையெழுத்துப் போடுகிறார். குறைவு தெரியும்போது துணியின் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும், கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இருக்காது. சாப்ட்வேர் போட்டிருந்தால், சலானில் உள்ள 948 என்ற அதே எண்ணை அது பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கும்.

எக்செல் கற்பிப்பதற்கான இடமும் இதுவே. வடிகட்டுதல், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள், இரண்டு தாள்களை ஒப்பிடும் தேடல் சூத்திரம் ஆகிய மூன்றும் வந்தால் போதும். மற்றவை வேலையில் தானாக வரும். ஜி.எஸ்.டி. 2017 ஜூலை 1-இல் வந்த பிறகு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். எடைக் கணக்கு வெறும் கணக்கர் தலைவலி அல்ல, வரிப் பொறுப்பும்கூட என்று அப்போது புரியும்.

ஏழாம் படி: தேவையை எழுதுதல்

சரிபார்க்க முடியாத வாக்கியம் தேவை ஆகாது என்பதே இங்கே விதி. "துணி வரவு முறையாகப் பதியப்பட வேண்டும்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "துணி எந்த நேரத்தில் வந்தாலும், இறக்கியவர் ஒவ்வொரு ரோலையும் வாசல் தராசில் எடை போட்டு, சலான் எடைக்குப் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும், இரண்டுக்கும் ஒரு சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், அன்று இரவே மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் சலானின் படத்தை அனுப்ப வேண்டும்" என்பது தேவை. யார், எப்போது, எங்கே, எவ்வளவு, மீறினால் என்ன என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. பிறகு எல்லாத் தேவைகளையும் இல்லாமல் முடியாதவை, இருக்க வேண்டியவை, இருந்தால் நல்லவை, இப்போதைக்கு வேண்டாதவை என்று நான்காகப் பிரிக்க வேண்டும். நான்காவது கூடை காலியாக இருந்தால் மாணவர்கள் யோசிக்கவில்லை என்று பொருள்.

எட்டாம் படி: அலுவலகப் பழக்கங்கள்

இவற்றைத் தனிப் பாடமாக நடத்தினால் பயனில்லை. மேலே சொன்ன வேலைகளுக்குள்ளேயே வைத்துப் பழக்க வேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்று மாலைக்குள் ஒரு பக்கக் குறிப்பு, என்ன பேசினோம், என்ன முடிவானது, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று எழுதி, எதிர்த்தரப்புக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே பாதி ஆர்டர் வாட்ஸ்அப் குரல் பதிவில் வருகிறது. இரண்டு நிமிடக் குரல் பதிவை ஆறு வரியாக எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று திருப்பி அனுப்பும் பயிற்சியை வாரம் ஒரு முறை வைத்தேன், வேலைக்குப் போன மாணவர்கள் திரும்பி வந்து சொல்லும்போது அதைத்தான் முதலில் குறிப்பிடுகிறார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழக்குங்கள். "இப்ப எனக்குத் தெரியலைங்க, வியாழக்கிழமைக்குள்ள கேட்டுச் சொல்றேனுங்க" என்பது முழுமையான, கௌரவமான பதில். ஆனால் வியாழக்கிழமை சொல்லியாக வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்த உடனே சொல்வதும், தாமதமான பிறகு சொல்வதும் ஒன்றல்ல. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் அறிக்கையை முதலில் தமிழில் முழுதாக எழுதட்டும். சிந்தனை தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது மொழிச் சிக்கல் மட்டுமே. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொல்வதால்தான் அவர்கள் வாய் திறப்பதில்லை.

ஒன்பதாம் படி: உரிமையாளர் முன் நிற்றல்

பதினைந்து நிமிடம், ஒரு பக்கத் தாள். ஸ்லைடு வேண்டாம், பல கம்பெனிகளில் அதைக் காட்டச் சுவரும் இருக்காது. முதல் நிமிடத்தில் இழப்பை ரூபாயில் சொல்லி, பிறகு பரிந்துரை, செலவு, யாருடைய வேலை கூடும் என்ற வரிசையில் போக வேண்டும். யாருக்கு வேலை கூடுகிறதோ அவரிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்; இல்லையென்றால் கூட்டத்திலேயே அவர் அதைக் கொன்றுவிடுவார்.

மதிப்பெண்ணும் அதன் பிறகும்

நான் வைத்திருக்கும் பங்கீடு: களக் குறிப்பேட்டுக்கு 30, வேலை ஓட்டப் படத்துக்கு 15, கணக்குக்கு 20, தேவை ஆவணத்துக்கு 20, உரிமையாளர் முன் பேசியதற்கு 15. குறிப்பேட்டுக்கு அதிகம் கொடுப்பதற்குக் காரணம், அதை மட்டும் கடைசி இரவில் நண்பனிடம் வாங்கி எழுத முடியாது. வேலை தேடும் மாணவர்களுக்கு, அனுபவம் கேட்காத தொடக்க நிலைச் சான்றிதழாக ஐ.ஐ.பி.ஏ.வின் ‘ஈ.சி.பி.ஏ.’ இருக்கிறது என்றும், மேல் நிலையான ‘சி.பி.ஏ.பி.’க்கு 7,500 மணி நேர வேலை அனுபவம் வேண்டும் என்றும் சொல்லுங்கள். சான்றிதழ் கிடைத்தால் வேலை கிடைத்துவிடும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு முறை மாணவர்களை அதே இடத்துக்குத் திரும்ப அழைத்துப் போக வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை, ஆனாலும் விட்டுவிடக் கூடாது. பனியன் கம்பெனியில் தராசு வாசலில்தான் இருந்தது. நோட்டைப் புரட்டினால், பகலில் வந்த துணிக்கு இரண்டு பத்திகளும் நிரம்பியிருந்தன. ஒரு தேதிக்குப் பிறகு, இரவில் வந்த துணிக்கு இரண்டாவது பத்தி முழுவதும் காலி. பழைய காவலர் ஊருக்குப் போய்விட்டார், புதிதாக வந்தவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை உரிமையாளர் அனுமதியோடு படம் எடுத்து வந்து, அடுத்த அணியின் முதல் வகுப்பில் கரும்பலகை ஓரத்தில் ஒட்டினேன்.